கரண்ட் போன நேரத்தில் போட்ட பில்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் அத்தையின் பாத்திரக்கடையில் கணக்கு பார்க்கிறேன். படித்தது பி.காம். யூடியூப் பார்த்து பிஹெச்பி என்ற புரோகிராம் மொழி கற்றுக்கொண்டு, ஸாம்ப் (பிஹெச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பு) வைத்துக் கடைக்கு ஒரு பில்லிங் புரோகிராம் செய்தேன். ஏழு மாதமாக நன்றாக ஓடியது. போன வெள்ளிக்கிழமை மாலை பில் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு, கணக்கு இருக்கும் டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகவில்லை. 'ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று சிவப்பில் வருகிறது. லாக்கை, அதாவது சர்வர் நடந்ததைப் பதியும் கோப்பை, திறந்தால் கடைசி வரி 'அபார்ட்டிங்'. அதை வைத்துத் தேடினேன், ஒன்றும் புரியவில்லை. தெரிந்த அண்ணன் ஒருவர் ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்கிறார். ஒரு வீடியோவில் ஐபிடேட்டா1 என்ற கோப்பை அழிக்கச் சொல்கிறார்கள். பயத்தில் எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன். பேக்கப் எதுவும் இல்லை. இன்னொன்று, ஆரம்பத்திலிருந்தே வாடிக்கையாளர் ஊரைத் தமிழில் அடித்தால் கேள்விக்குறியாகத்தான் நிற்கிறது. 'கும்பகோணம்' என்றால் பத்துக் கேள்விக்குறி. இரண்டும் ஒரே கோளாறா? லாக்கின் கடைசிப் பகுதியை இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன் என்று ஏதோ தப்பு செய்தவர் போல எழுதியிருக்கிறீர்கள். இதுவரை நடந்ததில் ஆகச் சரியான காரியம் அதுதான். இந்தத் தொழிலில் நான் பார்த்த டேட்டா இழப்புகளில் பாதிக்கு மேல் கரண்ட் போனதால் வந்தவை அல்ல. கரண்ட் வந்த பிறகு, அவசரத்தில் யாரோ ஒருவர் கையை வைத்ததால் வந்தவை. அந்த யாரோ ஒருவராக நானும் இருந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சிறு அலுவலகத்தில் இதே மாதிரி சர்வர் எழுந்திருக்கவில்லை. பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். சர்வர் ஜம்மென்று ஓடியது, உள்ளே ஒன்றும் இல்லை. பதினொரு நாள் விற்பனையைப் பில் புத்தகத்தின் கார்பன் நகலைப் பார்த்து நானும் அங்கிருந்த கணக்குப்பிள்ளையும் திரும்ப ஏற்றினோம். அவர் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு பில்லையும் சத்தமாக வாசித்தார், அவ்வளவுதான். அதற்குத் திட்டியிருக்கலாம்.

சரி, முதல் வேலை. ஸாம்ப் பேனலை மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் மைஎஸ்க்யூஎல்டி (சர்வர் புரோகிராமின் பெயர்) என்று எதுவும் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சி டிரைவில் ஸாம்ப், அதற்குள் மைஎஸ்க்யூஎல், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக, ஒரு கோப்பும் விடாமல், பென்டிரைவுக்கு ஒரு நகல், இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு நகல் எடுங்கள். அது முடியும்வரை கீழே நான் எழுதியிருக்கும் எதையும் செய்ய வேண்டாம். இந்தப் பதிலையே அப்புறம் படித்தாலும் போதும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், புதிதாக வருகிறவர்களுக்கு டேட்டாபேஸ் என்பது ஒரே பொருளாகத் தெரிகிறது. உண்மையில் இரண்டு. ஒன்று புரோகிராம். அது போனால் பத்து நிமிடத்தில் டவுன்லோட் செய்துகொள்ளலாம். இன்னொன்று அந்த டேட்டா ஃபோல்டர். அது உலகத்தில் உங்கள் கடையில் மட்டும்தான் இருக்கிறது. ரீஇன்ஸ்டால் சரிசெய்வது முதலாவதை. உங்கள் கோளாறு இரண்டாவதில். அத்தை கடையில் எடைத்தராசு பழுதானால் தராசை மாற்றுவார்கள், பேரேட்டைக் கிழித்துப் போடமாட்டார்கள் அல்லவா. அந்த அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். வேர்டு திறக்கவில்லை என்றால் ரீஇன்ஸ்டால் சரியான யோசனையும்கூட.

இனி லாக். நீங்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். 'அபார்ட்டிங்' என்பது சர்வர் கிளம்புமுன் சொல்லும் 'வரேங்க' மாதிரி. எதனால் கிளம்புகிறது என்பதை அதற்கு மேலேயே சொல்லிவிட்டது. லாக்கைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். நீங்கள் ஸ்டார்ட் அழுத்திய நேரம் எதுவோ, அந்த நிமிடம் பதிந்த முதல் வரிவரை போங்கள். அங்கிருந்து கீழே இறங்கும்போது 'எரர்' என்ற சொல் முதலில் எந்த வரியில் வருகிறதோ, அதுதான் நோய். மற்றவை அதன் விளைவு.

நீங்கள் அனுப்பியதை அப்படிப் படித்தேன். கீழிருந்து: அபார்ட்டிங். அதற்கு மேல், பிளகின்களை (சர்வரின் துணைப் பகுதிகளை) தொடங்க முடியவில்லை. அதற்கு மேல், மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் உள்ள பிளகின் டேபிளைத் திறக்க முடியவில்லை. அதற்கு மேல் இன்னோடிபி (டேபிள்களைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் என்ஜின்) பற்றிச் சில வரிகள், அவற்றில் எரர் என்ற சொல்லே இல்லை. அதற்கும் மேல், ஆரியா என்ற இன்னொரு ஸ்டோரேஜ் என்ஜினைப் பதிவு செய்ய முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் எரர்: 'ஆரியா ரெக்கவரி ஃபெயில்டு'. அதே வரியின் பின்பாதியில் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆரியா டேபிள்கள் எல்லாவற்றிலும் ஆரியா செக் என்ற கருவியை ஓட்டு, ஆரியா லாக் கோப்புகளை நீக்கு என்கிறது. நோயும் மருந்தும் ஒரே வரியில். ஐந்து நாளாக அது உங்கள் திரையில்தான் இருந்திருக்கிறது. ஆனால் ஆறு வரி மேலே.

இந்த ஆரியா எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் தேடும்போது வழி தவறும். பேனலில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் 2015-லிருந்து ஸாம்ப்புக்குள் இருப்பது மரியாடிபி. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அது ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போகும் நிலை வந்தபோது 2009-ல் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்தது இது. மூத்த மகள் பெயர் மை, இளைய மகள் பெயர் மரியா. இரண்டு மென்பொருளும் மகள்களின் பெயரில்தான் இருக்கின்றன. அக்கா தங்கை என்பதால் முக்கால்வாசி ஒன்றுபோல நடந்துகொள்ளும். ஆனால் ஆரியா தங்கையிடம் மட்டும்தான் உண்டு. உங்கள் லாக்கில் முன்பு ஒழுங்காக ஓடிய நாட்களில் 'ரெடி ஃபார் கனெக்‌ஷன்ஸ்' என்ற வரிக்கு அடுத்து 10.4 என்று தொடங்கும் பதிப்பு எண் இருக்கிறது, பாருங்கள். தேடும்போது 'மரியாடிபி 10.4' என்று போட்டால்தான் உங்களுக்கு ஆகும் பதில் கிடைக்கும்.

நீங்கள் பி.காம். என்பதால் ஒன்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கடையில் விற்பனை நடந்ததும் முதலில் நாளேட்டில் எழுதுகிறோம், நேரம் கிடைக்கும்போது பேரேட்டில் ஏற்றுகிறோம். டேட்டாபேஸும் அதையேதான் செய்கிறது. லாக் கோப்பு நாளேடு, டேபிள் பேரேடு. நாளேட்டில் எழுதியாகி, பேரேட்டில் ஏற்றுவதற்குள் கரண்ட் போனால் மோசமில்லை. அடுத்த முறை எழுந்திருக்கும்போது சர்வர் நாளேட்டைப் புரட்டி, விட்டுப்போனதை ஏற்றிக்கொள்ளும். ரெக்கவரி என்பது அதுதான். பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். உங்களுக்கு நடந்தது என்னவென்றால், நாளேட்டின் பக்கமே பாதி எழுதியபடி நின்றுவிட்டது. சர்வர் படித்துப் பார்க்கிறது, புரியவில்லை, தப்பாக ஏற்றுவதைவிடக் கடையைத் திறக்காமல் இருப்பதே மேல் என்று நின்றுவிடுகிறது. எனக்கு இந்தக் குணம் பிடிக்கும்.

நல்ல செய்தி எங்கே என்றால், இப்படி இரண்டு நாளேடுகள் இருக்கின்றன. இன்னோடிபிக்கு ஒன்று, ஆரியாவுக்கு ஒன்று. நீங்களாக மாற்றியிராவிட்டால் உங்கள் பில், சரக்கு, வாடிக்கையாளர் டேபிள்கள் இன்னோடிபியில்தான் இருக்கும். ஆரியாவில் இருப்பவை பெரும்பாலும் சர்வரின் சொந்தக் கணக்குகள்: யார் யாருக்கு அனுமதி, என்ன பிளகின், அந்த மாதிரி. பழுதானது ஆரியாவின் நாளேடு. அதனால் உங்கள் பேரேடு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். டேட்டா ஃபோல்டருக்குள் உங்கள் டேட்டாபேஸ் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ஐபிடி என்று முடியும் கோப்புகளின் அளவைப் பாருங்கள். ஏழு மாத பில் உள்ள டேபிளின் கோப்பு மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இப்போது செய்ய வேண்டியது. நகல் இரண்டும் பத்திரமாக இருக்கிறதா? டேட்டா ஃபோல்டருக்குள் மைஎஸ்க்யூஎல் என்றே பெயருள்ள உள்ஃபோல்டரில் எம்ஏஐ என்று முடியும் கோப்புகள் இருக்கும். லாக் சொன்ன ஆரியா செக் கருவி, டேட்டா ஃபோல்டருக்குப் பக்கத்தில் உள்ள 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அந்தக் கருவியை, லாக் வரியில் உள்ளபடியே ஆர் என்ற குறியுடன், அந்தக் கோப்புகள்மேல் ஓட்டுங்கள். கட்டளையை யூகித்து அடிக்காதீர்கள், லாக்கிலிருந்தே எடுத்துப் போடுங்கள். முடிந்ததும், ஆரியா லாக் என்று தொடங்கி எண்ணில் முடியும் கோப்பை டேட்டா ஃபோல்டரிலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். கவனியுங்கள், நகர்த்துங்கள் என்றேன், அழியுங்கள் என்று சொல்லவில்லை. இப்போது ஸ்டார்ட். பெரும்பாலும் இங்கேயே பச்சை விழும். விழாவிட்டால் லாக்கை மறுபடியும் அதே முறையில் படியுங்கள். இன்னமும் ஆரியாவையே குறை சொன்னால், ஆரியா லாக் கன்ட்ரோல் என்ற கோப்பையும் அதேபோல ஓரமாக நகர்த்திவிட்டு முயலுங்கள். சர்வர் புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஒரு நோட்டில் நேரம், என்ன மாற்றினேன், முதல் எரர் என்ன வந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. ஒன்றாக மாற்றிக் கெட்டுப்போனாலோ, எதைத் திருப்புவது என்று தெரியாது.

அந்த வீடியோவைப் பற்றி. ஐபிடேட்டா1-ஐ அழிக்கச் சொல்கிறவர்கள் கையில் கிடைத்தால் நான் என்ன சொல்வேன் என்று இங்கே எழுத முடியாது. எந்த டேபிள் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று இன்னோடிபி வைத்திருக்கும் அட்டவணை, மரியாடிபி 10.4-ல் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் சில சமயம் சர்வர் எழுந்துவிடும், உண்மைதான். வீடியோ அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு பில் டேபிளைத் திறந்தால் 1932 என்ற எண்ணோடு, இந்த டேபிள் என்ஜினில் இல்லை என்று வரும். பெயர்ப்பலகை இருக்கும், கடை இருக்காது. வெறும் பரிசோதனைக்கு வைத்திருக்கும் டேட்டாபேஸ் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. வீடியோ போட்டவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னொரு பிரபலமான வழி இருக்கிறது. அது மோசமில்லை, ஆனால் முதலில் செய்யக்கூடாது. ஸாம்ப்பின் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் பேக்கப் என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் உங்கள் கணக்கு எதுவும் இல்லை. இன்ஸ்டால் செய்த அன்று இருந்த காலி டேட்டா ஃபோல்டரின் நகல், அவ்வளவே. பழைய டேட்டா ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, இந்தப் பேக்கப்பை நகலெடுத்து டேட்டா என்று பெயரிட்டு, பழையதிலிருந்து உங்கள் கடை ஃபோல்டரையும், ஐபிடேட்டா1-ஐயும், அதோடு ஐபி லாக்ஃபைல் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்து வைப்பது அந்த வழி. நாளேடும் பேரேடும் ஒரே கடையுடையதாக இருக்க வேண்டும் என்பதால் லாக்ஃபைலையும் சேர்த்துச் சொல்கிறேன், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆரியா வழி பலிக்காவிட்டால் இதற்கு வாருங்கள். இதில் சர்வரின் சொந்தக் கணக்குகள் புதிதாகிவிடும். அதனால் நீங்கள் வைத்திருந்த யூசர், பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். சர்வர் பச்சையாக இருக்க, உங்கள் புரோகிராம் 1045 என்று கத்தும். பயப்படாமல் யூசரைத் திரும்ப உண்டாக்குங்கள்.

1045 வந்தால் அந்த வரியை இறுதிவரை படியுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் 'ஆக்சஸ் டினைடு' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'யூஸிங் பாஸ்வேர்டு' என்று போட்டு யெஸ் அல்லது நோ என்று இருக்கும். யெஸ் என்றால் பாஸ்வேர்டு சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் அது தப்பு, அல்லது அந்த யூசரே இல்லை. நோ என்றால் உங்கள் புரோகிராம் பாஸ்வேர்டே அனுப்பவில்லை. அப்படியானால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. புரோகிராம் எந்த கான்ஃபிக் கோப்பை (யூசர், பாஸ்வேர்டு எழுதியிருக்கும் கோப்பை) படிக்கிறது என்று பாருங்கள். ஒரு பையன் என்னிடம் இரண்டு நாள் பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டிருந்தான். அவன் திருத்திக்கொண்டிருந்தது டெஸ்க்டாப்பில் இருந்த நகலை.

பொதுவாக எரர் எண்ணைப் பார்த்தாலே எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். 2002, 2003 என்றால் சர்வரை எட்டவே முடியவில்லை: ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் (எண் போட்ட கதவு மாதிரி) ஓடுகிறது. 1045 என்றால் வாசலில் நிறுத்திவிட்டார்கள். 1049 என்றால் உள்ளே வந்தாயிற்று, அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 1146 என்றால் டேபிள் இல்லை. 1064 என்றால் எல்லாம் சரி, நாம் எழுதிய வாக்கியம்தான் தப்பு. 1064-ல் சர்வர் ஒரு துண்டை மேற்கோளுக்குள் காட்டும், தப்பு அநேகமாக அந்தத் துண்டின் தொடக்கத்தில் அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்கும். கடைக்காரர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று: டேபிளுக்கு 'ஆர்டர்' என்று பெயர் வைப்பது. அது டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் சொந்தச் சொல். பேக்டிக் (`) குறிக்குள் போட்டால் ஓடும், ஆனால் பெயரையே 'ஆர்டர்ஸ்' என்று மாற்றிவிடுவது நிம்மதி. அப்புறம் ஒரு நாள் இதை வெளி ஹோஸ்டிங்கில் ஏற்ற நினைத்தால், அங்கே பெரும்பாலும் லினக்ஸ். டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்கும். விண்டோஸில் நன்றாக ஓடியது அங்கே 1146 சொல்லும். இப்போதே எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு தலைவலி இல்லை.

சிவப்பில் வந்த அந்த நீளச் செய்தியில் 'பிளாக்டு போர்ட்' என்றும் ஒரு காரணம் சொல்லியிருக்கும். அது பேனலின் பொதுவான யூகம், எல்லோருக்கும் ஒரே வாசகம்தான் காட்டும். உங்கள் விஷயத்தில் போர்ட் காரணமில்லை, லாக்கே சொல்லிவிட்டது. ஆனாலும் சொல்லிவைக்கிறேன். வகுப்பில் சொன்னார்கள் என்று மைஎஸ்க்யூஎல்லைத் தனியாகவும் இன்ஸ்டால் செய்திருந்தால், இரண்டும் 3306 என்ற ஒரே கதவுக்குச் சண்டை போடும். விண்டோஸ் ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் 'லிசனிங் போர்ட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். 3306-ல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அதில் பார்க்கலாம். என் டேபிள் எல்லாம் காணாமல் போய்விட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் சிலருக்கு ஒன்றுமே காணாமல் போயிருக்காது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

லாக்கில் முதல் எரரே இன்னோடிபியைப் பற்றி இருந்தால் கதை வேறு. அப்போது ஃபோர்ஸ் ரெக்கவரி என்ற அமைப்பைத் தேடச் சொல்வார்கள். 1 முதல் 6 வரை போகும். 1-ல் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏறி, சர்வர் எழுந்தவுடன் எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். 4-க்கோ அதற்கு மேலோ போனால் டேட்டாவே நிரந்தரமாகக் கெட வாய்ப்பு உண்டு. அந்த நிலை வந்தால் தனியாகச் செய்யாமல் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இனி கேள்விக்குறி. அது வேறு கோளாறு, கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'பத்துக் கேள்விக்குறி' என்று எண்ணி எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. 'கும்பகோணம்' கண்ணுக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பத்து: க, உகரக் கொக்கி, ம, புள்ளி, ப, க, ஓகாரத் துணை, ண, ம, புள்ளி. யூனிகோடில் இப்படித்தான் பிரித்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி என்றால், தமிழ் சர்வர்வரை ஒழுங்காக வந்திருக்கிறது, அநேகமாக டேபிளுக்குள் நுழையும் இடத்தில் மாட்டியிருக்கிறது. டேபிளின் கொலேஷனை (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) பாருங்கள், பெரும்பாலும் 'லத்தீன்1 ஸ்வீடிஷ்' என்று இருக்கும். கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் ஸ்வீடிஷ் எதற்கு என்று கேட்கலாம். மைஎஸ்க்யூஎல் 1995-ல் பிறந்தது ஸ்வீடனில், அவர்கள் ஊர் அகரவரிசையையே வழக்கமாக வைத்தார்கள். 2018-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8-ல்தான் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். லத்தீன்1-ல் தமிழுக்கு இடமே இல்லை. பொருந்தாத டேட்டாவை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் முறை அணைந்திருந்தால் சர்வர் எரர் சொல்லாமல், தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டு உள்ளே தள்ளிவிடும்.

உறுதிசெய்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. ஊர் பதியும் நெடுவரிசையின்மேல் ஹெக்ஸ் என்ற ஃபங்ஷனைப் போட்டுப் பாருங்கள், உள்ளே பதிந்திருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும். தமிழ் உள்ளே இருந்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதாவது ஆறு இலக்கம். 'கும்பகோணம்' அறுபது இலக்கம் வரும். வெறும் இருபது இலக்கம், 3எஃப் 3எஃப் என்று பத்து முறை வந்தால், உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான். அப்படிப் பதிந்ததை எந்த மந்திரத்தாலும் திரும்பத் தமிழாக்க முடியாது. பில் நகலைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான், வருந்துகிறேன். அறுபது வந்தால் டேட்டா பத்திரம், காட்டும் இடத்தில்தான் பிசகு.

இனி வருவதற்கு: டேபிளை யூடிஎஃப்8எம்பி4 என்ற, தமிழும் கொள்ளும் கேரக்டர் செட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் பிஹெச்பியில் கனெக்‌ஷன் திறந்த உடனே அதே பெயரில் கேரக்டர் செட்டையும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு 'மாற்றியும் வரவில்லை' என்பார்கள். வெறும் யூடிஎஃப்8 என்று ஒன்றும் பட்டியலில் இருக்கும். அதில் எழுத்துக்கு மூன்று பைட்வரைதான் கொள்ளும். தமிழுக்குப் போதும், ஆனால் யாராவது வாட்ஸ்அப்பிலிருந்து முகவரியோடு ஒரு ஸ்மைலியையும் ஒட்டினால் 1366 என்று தடுக்கும், அல்லது அதுவும் கேள்விக்குறியாகும். எம்பி4-ஐயே எடுங்கள். நெடுவரிசையின் நீளத்தையும் தாராளமாக வையுங்கள். 20 என்று வைத்தால் இருபது தமிழ் எழுத்து கொள்ளாது, சற்றுமுன் எண்ணினோமே, ஆறு எழுத்துக்கே பத்து போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: சில வரிகளில் கேள்விக்குறி இல்லாமல், மேலே கோடும் கொம்பும் போட்ட ஐரோப்பிய எழுத்துக் கூளம் தெரிந்தால், அந்த டேபிளை உடனே கன்வர்ட் செய்யாதீர்கள். அது மீட்கக்கூடியது, அவசரமாக மாற்றினால் சிக்கல் இரட்டிப்பாகும்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். ஸாம்ப் கற்றுக்கொள்வதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் செய்யப்பட்டது. அதை உருவாக்குகிறவர்களே நேரடிப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். கடைக் கணக்கு அதில் ஓடுவது எனக்குச் சம்மதமில்லை, ஆனால் இப்போதைக்கு ஓடத்தான் போகிறது என்றும் தெரியும். அதனால் மூன்று காரியம். ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். அத்தையிடம் ஒரு வெண்கல அண்டா விலை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார். சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைக்குமுன் பேனலில் மைஎஸ்க்யூஎல்லை ஸ்டாப் செய்துவிட்டு அணையுங்கள். ஓடும்போதே விண்டோஸை அணைப்பதும் கரண்ட் போவதற்குக் கிட்டத்தட்ட சமம். தினமும் கடை மூடும்போது, மைஎஸ்க்யூஎல்லை ஸ்டாப் செய்வதற்கு முன், பிஹெச்பிமைஅட்மினில் (ஸாம்ப்போடு வரும் டேட்டாபேஸ் பார்க்கும் பக்கம்) எக்ஸ்போர்ட் போட்டு, அந்த எஸ்க்யூஎல் கோப்பைத் தேதி போட்டு பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் வையுங்கள். மாதம் ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

பேனல் பச்சையானதும் முதல் பில்லைப் போட்டுவிடாதீர்கள், அது எவ்வளவு ஆசையாக இருந்தாலும். முதலில் எக்ஸ்போர்ட். அப்புறம் வெள்ளிக்கிழமை கடைசியாக அச்சான பில்லின் கார்பன் நகலை எடுத்து, டேபிளில் உள்ள கடைசி பில் எண்ணோடு ஒப்பிடுங்கள். பில்லின் தலைப்பை ஒரு டேபிளிலும் சரக்கு வரிகளை இன்னொன்றிலும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் (ஏறினால் எல்லாம் ஏறும், இல்லாவிட்டால் எதுவும் ஏறாது என்ற கட்டு) போட்டிருக்காவிட்டால், கரண்ட் போன அந்த நொடியில் தலைப்பு மட்டும் ஏறி, உள்ளே ஒரு சொம்புகூட இல்லாத பில் ஒன்று நின்றுகொண்டிருக்கலாம். அதைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதன் எண்ணையும், நீங்கள் நோட்டில் எழுதியதையும் எனக்கு அனுப்புங்கள், டிரான்சாக்‌ஷனைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன்.